ரோரிக்கு ஹென்ட்ரிக்ஸ் கையெழுத்து தேவையில்லை

ரோரி காலகர் இறந்தது 1995 ஜூன் 14. அப்போது அவருக்கு 47 வயது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ரசிகர்கள் எழுதும் அஞ்சலிகளைத் தேடிப் படிப்பேன். பெரும்பாலும் ஒரே கதையில்தான் ஆரம்பிப்பார்கள். உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞனாக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸிடம் யாரோ கேட்டார்களாம். ரோரியைப் போய்க் கேள் என்றாராம் அவர்.

போதும், இந்தக் கதையை நிப்பாட்டலாம்.

அந்தப் பேட்டியை இதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. இதே கதையை ஃபில் கேகி பெயரிலும் சொல்றாங்க. ஹென்ட்ரிக்ஸ் இடத்தில் கிளாப்டன், ரோரி இடத்தில் பிரின்ஸ் என்று ஆளை மாற்றியும் சொல்றாங்க. பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ளும் விண்ணப்பப் பாரம் மாதிரி.

சரி, கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கலைஞனை மதிக்க இன்னொரு பெரியவரின் கையெழுத்து எதற்கு? முன்னுரை எழுதியது யார் என்று பார்த்துவிட்டுக் கவிதைத் தொகுப்பைக் கையில் எடுக்கிறோமே, அதே பழக்கம்தான் இது. நாமே கேட்டு, நாமே முடிவு செய்யும் வேலை மிச்சம்.

ரோரியைப் பற்றிச் சொல்ல வேறு விஷயங்கள் உண்டு. டோனகலில் பிறந்து கார்க் நகரில் வளர்ந்தவர். டேஸ்ட் குழு நாட்களில் பெல்ஃபாஸ்டில் தங்கி வாசித்தவர். 1970-களில் அந்த ஊரில் குண்டுகள் வெடித்தன, வெளியூர்க் குழுக்கள் வரப் பயந்தன. ரோரி திரும்பத் திரும்ப வந்து அல்ஸ்டர் ஹாலில் வாசித்தார். கத்தோலிக்க இளைஞர்களும் புரொட்டஸ்டன்ட் இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டார்கள். 1975 ஜூலையில், நிகழ்ச்சி முடிந்து டப்ளின் திரும்பிக்கொண்டிருந்த மியாமி ஷோபேண்ட் குழுவை ராணுவ உடையில் வந்தவர்கள் சாலையில் மறித்தார்கள். இசைக்கலைஞர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ரோரி பெல்ஃபாஸ்டுக்கு வந்தார். அஞ்சலி எழுதுபவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாமே?

அடுத்தது, "பாவம், கொண்டாடப்படாத மேதை" என்ற புலம்பல். இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் அவரை ரோட்டர்டாமுக்குக் கூப்பிட்டது. மிக் டெய்லர் விலகியிருந்த நேரம். ரோரி போனார், சில நாட்கள் அவர்களோடு வாசித்தார், பிறகு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஜப்பான் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். "சான்ஸை விட்டுட்டாரே" என்கிறவர்கள், டிக்கெட் வாங்கிவிட்டுக் காத்திருந்த ஜப்பான் ரசிகர்களை யோசிப்பதே இல்லை. சிங்கிள் வெளியிடச் சொன்னபோதும் அவர் மசியவில்லை. அவர் தெரிந்தே எடுத்த முடிவுகளுக்கு நாம் ஏன் பரிதாபப்பட வேண்டும்?

நான் மின்னணுப் பொறியியல் படித்தவன். ஆரம்ப காலத்தில் அவர் ஏசி30 ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்திருந்த ரேஞ்ச்மாஸ்டர் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். மேல் அதிர்வெண்களைத் தூக்கிவிட்டு ஆம்ப்பைத் திணறவைக்கும், அவ்வளவுதான். முதலாண்டு மாணவன்கூட அந்தச் சுற்றைச் சால்டர் பண்ணிவிடலாம். ஆனால் வால்யூம், டோன் குமிழ்களைச் சுண்டுவிரலால் திருப்பியே அழவும் அதட்டவும் வைத்த அந்தக் கையை எந்தச் சர்க்யூட் படத்திலும் வரைய முடியாது.

அவருடைய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2024-ல் லண்டனில் ஏலம் போனது. சாயம் உரிந்து மரம் தெரியும் கிட்டார். விலை கேட்டு வாய்பிளந்து எழுதினார்கள். அதுவும் இன்னொரு சான்றிதழ்தான்.

'ஐரிஷ் டூர் 74' தொகுப்பில் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' இருக்கிறது. அதை முழுசாகக் கேளுங்கள். அப்புறம், யார் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு என்ன கேட்டது என்று எழுதுங்கள்.