நினைவு யாருக்கு வருகிறது?

சென்ற பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்தில் நடந்த படக்காட்சியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீதரின் இயக்கத்தில் 1963-ல் வெளிவந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' அன்று காட்டப்பட்டது. தில்லிக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பாழடைந்த மாளிகையில் நாயகனுக்கு முற்பிறவி நினைவு வந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. படம் முடிந்து தேநீர் வந்த பிறகு, முதுகலை படிக்கும் ஒரு மாணவி மிகச் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "இந்தக் கதைகளில் எல்லாம் நினைவு முதலில் அவனுக்குத்தானே வருகிறது? அவளுக்கு ஏன் வருவதில்லை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயில் எப்படிப் பிறந்தது என்பதை அந்த அறையில் அறிந்தவர்கள் இருவரே. ஒருவர் அவர், மற்றவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சரித்திர நவீனங்களுக்கு நான் பகைவன் அல்லன். வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு என் பாட்டி சேர்த்து வைத்த தொடர்கதைகளில்தான் நான் தமிழ் படித்தேன் என்று சொன்னால் மிகையாகாது. பக்கத்தின் ஓரத்தில் தலைவலித் தைல விளம்பரம். நடுவில் கோட்டையும் குதிரையும் நிலவும்! கல்கியின் 'சோலைமலை இளவரசி'யை அப்படித்தான் படித்தேன். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் போலீஸாரிடமிருந்து தப்பி ஒரு பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே பொன்னம்மாளைச் சந்திக்கிறான். சந்தித்ததும், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பு தான் மாறனேந்தல் மன்னனாகவும், இவள் சோலைமலை இளவரசி மாணிக்கவல்லியாகவும் இருந்ததாக அவனுக்குத் தோன்றத் தொடங்குகிறது. வெள்ளையரை எதிர்த்த பழைய போரையும் புதிய போரையும் ஒரு காதலால் முடிச்சுப் போட்ட அந்தத் துணிவை நான் இன்றும் வியக்கிறேன்.

ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, இரும்புக் கட்டிலில் படுத்திருக்கும் நமக்கு இத்தகைய கதைகள் ஏன் இனிக்கின்றன என்பது புரியாத புதிர் அன்று. இந்த நகரமோ இடிபாடுகளின் நகரம். ஹௌஸ் காஸ் குளக்கரையில் மாலையில் போய் உட்கார்ந்தால், உடைந்த வளைவு ஒவ்வொன்றும் 'உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேன்' என்று சொல்வதைப் போலிருக்கும். முகம் தெரியாத ஊரில், யாரோ ஒருவர் நமக்காகப் பல பிறவிகளாகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் கம்பளியைவிடக் கதகதப்பானது.

அந்தக் கதகதப்பில்தான் நான் தவறு செய்தேன்.

ஈராண்டுகளுக்கு முன் என் விடுதி நண்பன் ஒருவன் அந்த மாணவிக்குக் கடிதம் எழுத விரும்பினான். அவனுக்கு எழுத வராது, எனக்கு வரும். எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பூம்புகாரின் கடற்கரை, ஒரு வணிகன், ஒரு நடன மங்கை, கவிழ்ந்த கலம், பிறவிதோறும் தேடல், இறுதியில் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அவர் அமைதியாக 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லி அனுப்பினார். நண்பன் நிறுத்தவில்லை. உணவுக்கூட வாசலில் நின்றான். பேருந்து நிறுத்தத்தில் நின்றான். "அவளுக்கு இன்னும் நினைவு வரவில்லை, வரும்" என்று என்னிடமே சொன்னான். என் வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொன்னான்! அந்த மாணவி ஒரு பருவம் முழுவதும் நூலகத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

வேண்டாம் என்ற சொல்லை 'மறந்துவிட்டாள்' என்று பொருள் செய்துகொள்ள வழி காட்டியவன் நான்.

அதன் பிறகு இத்தகைய கதைகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். 1958-ல் பிமல் ராய் எடுத்த இந்திப் படமான 'மதுமதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பிலிம்பேர் விருதுகள் பெற்ற படம்; நாயகி நம் வைஜயந்திமாலா. மழை இரவில் பழைய மாளிகைக்குள் நுழைந்து, சுவரில் தொங்கும் ஓவியம் தன் கையால் வரைந்தது என்று உணர்பவன் நாயகன். 2009-ல் வந்த தெலுங்கு 'மகதீரா'வில் கை பட்ட மாத்திரத்தில் 1609-ஆம் ஆண்டு விழித்துக்கொள்வதும் நாயகனுக்கே. அவள் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சாட்சியும் அவனே, நீதிபதியும் அவனே.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. சீத்தலைச் சாத்தனார் இதை அடியோடு மாற்றி அமைத்திருக்கிறார்.

மணிமேகலையின் பின்னால் சோழ இளவரசன் உதயகுமரன் அலைகிறான். அவளுக்கும் அவன்மேல் மனம் இல்லாமல் இல்லை. அந்தப் புதியவன் பின்னே தன் நெஞ்சு போனதைத் தோழி சுதமதியிடம் அவளே ஒப்புக்கொள்கிறாள். மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் பழம்பிறப்பு தெரிகிறது. யாருக்கு? அவளுக்கு! முற்பிறவியில் அவள் இலக்குமி; கணவன் இராகுலன் பாம்பின் நஞ்சால் இறக்க, தீப்புகுந்தவள். அந்த இராகுலனே இன்றைய உதயகுமரன். இதைவிடப் பெரிய 'பூர்வ பந்தம்' எந்தத் தொடர்கதையில் கிடைக்கும்? இன்றைய கதாசிரியர் கையில் கிடைத்திருந்தால் அடுத்த அத்தியாயம் திருமணம்தான்.

மணிமேகலையோ எல்லாம் அறிந்தபின் திரும்பி வந்து, அமுதசுரபியை ஏந்திப் பசித்தவருக்குச் சோறிடுகிறாள். அவனிடமிருந்து விலகக் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவம் கொள்கிறாள். தன்னைக் கண்டுகொண்டு தொடரும் அவனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, உடலழகு நில்லாமையைச் சொல்கிறாள். அந்தக் காட்சியைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் பார்த்துத் தன் மனைவியென்றே எண்ணி, இளவரசனை வாளால் வெட்டுகிறான். உதயகுமரன் கடைசி வரை எதுவும் அறியாமலே இறக்கிறான். அவள் கதறுகிறாள். சாத்தனார் அவளைக் கல்லாக்கிவிடவில்லை; நெருங்கப் போனவளைக் கந்திற்பாவை தடுக்க வேண்டியிருந்தது. நினைவும் இருந்தது, அன்பும் இருந்தது. அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்ற முடிவும் அவளுடையதாகவே இருந்தது. சாத்தனாரின் நோக்கம் பௌத்த அறம்தான், பெண்ணுரிமை அன்று என்று தமிழ்த்துறை நண்பர்கள் என்னைத் திருத்தலாம். திருத்தட்டும். கதை தந்தது எனக்குப் போதும்.

குறுந்தொகையில் அம்மூவனாரின் தலைவி ஒருத்தி மறுபிறவியிலும் நீயே என் கணவனாக வேண்டும் என்கிறாள். அவள் வரப்போகும் பிறவியைக் கேட்கிறாள். நான் எழுதிய கடிதமோ போன பிறவியைக் காட்டிக் கடன் வசூலித்தது. இரண்டும் ஒன்றா?

அந்தப் படத்துக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஜமீன் மகன் ஏழைப் பெண்ணை விரும்பிய குற்றத்துக்காக அந்தக் காதலைக் கொன்ற தந்தை, நம்பியாரின் உருவில், நூறு வயதையும் கடந்து சாகாமல் இருக்கிறாரே, அதை நாம் யாரும் அன்று பேசவில்லை. காதலர் இறந்து மீண்டும் பிறக்க வேண்டியிருக்கிறது. அந்தஸ்துக் கிழவருக்கு மறுபிறவியே தேவைப்படவில்லை. சாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றோரே வெட்டிய செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் தோன்றுகிறது. முற்பிறவிக் கதை எழுதப் புகும் நம் சங்கத்து எழுத்தாளர்கள் அந்தக் கிழவரிடமிருந்து தொடங்கினால் நான் முதல் வாசகனாக நிற்பேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த மாணவியிடம் படித்துக் காட்டி, கடிதத்தின் நடை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அது அவருக்கு முன்பே தெரியுமாம். சங்க இதழில் என் கட்டுரைகளைப் படித்து வருகிறவர். கடிதத்தைக் கிழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம், பெட்டியில் இருக்கிறதாம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு சந்திப்பிழைகள் இருப்பதாகவும் சொன்னார்.