விருந்தோம்பல் அல்ல

சில சொற்கள் மொழிபெயர்ப்பாளரின் பொறுமையைச் சோதிக்கும். டாக்டர்களுக்கான நடத்தை விதிகளில் இந்திய மருத்துவக் கவுன்சில் 2009இல் சேர்த்த திருத்தத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோது அப்படி ஒரு சொல் குறுக்கிட்டது. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணச் செலவு, ரொக்கம் வாங்கக் கூடாது, 'ஹாஸ்பிடாலிட்டி'யும் கூடாது. அகராதியில் பார்த்தால் 'விருந்தோம்பல்'. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய சொல்லை நட்சத்திர ஓட்டல் பில்லுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. 'தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு' என்று எழுதி முடித்தேன்.

விருந்தோம்புகிறவர் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கம்பெனி வைத்துக்கொள்ளும். 1992இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ஒரு மருத்துவமனையின் டாக்டர்களைக் கம்பெனிச் செலவில் உல்லாச நகரங்களில் நடந்த கருத்தரங்குகளுக்கு அழைத்துப் போனார்கள். "இதனால் நாங்கள் எழுதும் மருந்து மாறாது" என்றே போவதற்கு முன் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்த பிறகு அங்கே ஒரு மருந்தின் உபயோகம் மூன்று மடங்குக்கு மேலும், இன்னொன்றுடையது இரண்டரை மடங்காகவும் உயர்ந்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் மாறியது அவர்களுக்கே தெரியவில்லை. லஞ்சத்தைவிட இது ஆபத்தானது, நேர்மையானவர்களிடமும் பலிக்கிறது.

நம் விதிகளின் கதை வேறு. 2009 திருத்தம் டாக்டர்களின் சங்கங்களையும் கட்டுப்படுத்தியது. 2016இல் சங்கங்கள் மட்டும் விடுவிக்கப்பட்டன. டாக்டர் தன் கையால் வாங்கக் கூடாததை அவருடைய சங்கம் மாநாட்டின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிப் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளில் டாக்டர்கள் கலந்துகொள்ளவே கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 2023இல் விதி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியது; அந்த மாதம் முடிவதற்குள்ளேயே புதிய விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 2024இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை வெளிநாட்டு மாநாடுகளுக்குத் தடை போட்டது. உள்நாட்டில் நிபந்தனைகளோடு அனுமதித்தது. அந்த ஆண்டு 30 டாக்டர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பிய பன்னாட்டு நிறுவனம் ஒன்றுக்கு டிசம்பரில் கிடைத்தது, கண்டனம்.

புதிய சிகிச்சைகளைத் தெரிந்துகொள்ள மாநாடு வேண்டாமா, சிறு ஊர் டாக்டர் எங்கே போவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படிப்பு வேண்டும். ஆனால் கட்டணத்தை அவரவர் கட்டட்டும். ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் பதில் மருத்துவக் கல்லூரி அரங்கம் போதும். பேச வருகிறவர் எந்தக் கம்பெனியிடம் பணம் வாங்கினார் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

இலவசங்களின் செலவு கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்று பிப்ரவரி 2022இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தச் செலவுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்றும் தீர்ப்பளித்தது. ஆக, விருந்து படைப்பவர் கம்பெனி முதலாளி அல்ல. மருந்துக் கடை வாசலில் சீட்டோடு நின்று சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பவர். அவருக்கு மாநாட்டு அழைப்பிதழ் போவதில்லை.