வனிலாக் கொடியும் அதன் பிறப்பிடமும்

மிளகு, ஏலம் முதலியவற்றைப்போல் வாசனைச் சரக்காக விற்கப்படும் வனிலா, ஆர்க்கிட் என்னும் மலர்க்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் காயாகும். 2003-ம் வருஷத்தையொட்டி இதன் பச்சைக்காய் கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயிற்று. அது கண்டு கேரளம், கர்நாடகம், பொள்ளாச்சிப் பக்கம் ஆகிய இடங்களில் தோட்டக்காரர் பலர் இதனை நட்டனர். இரண்டொரு வருஷங்களுக்குள் விலை அடியோடு சரிந்தது. பல தோட்டங்களில் வேர் அழுகிக் கொடிகளும் மடிந்தன. விலை சரிந்தது விவசாயியின் கைக்கு அடங்காதது. கொடி மடிந்ததில் ஒரு பகுதியேனும், அது எத்தகைய இடத்திற் பிறந்தது என்று விசாரியாமல் நட்டதன் பலனேயாகும்.

இக்கொடியின் தாயகம் மெக்ஸிகோவின் தென்கிழக்குப் பகுதியும் அதையடுத்த மத்திய அமெரிக்காவுமாம். அங்கே தாழ்ந்த மலைச்சாரல்களில், உஷ்ணமும் ஈரமும் மிகுந்த காடுகளில், பெருமரங்களைப் பற்றி இது ஏறுகின்றது. மரத்தைப் பற்றினும் புல்லுருவியைப்போல் அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. நிலத்து வேர்களோ ஆழப் போகாமல், உதிர்ந்து மக்கிய இலைக்குப்பையில் மேலாகவே பரவுகின்றன. அக்குப்பை எப்பொழுதும் ஈரமாயிருக்கும். ஆயினும் நீர் தேங்காது. வெயில் இலைகளூடே பாதியளவே இறங்கும். வருஷத்திற்கு 60 முதல் 120 அங்குலம் வரை மழையும், இடையே இரண்டு மாதம் போல ஒரு வறட்சியும் உண்டு. அவ்வறட்சியே கொடியைப் பூக்கத் தூண்டுவது.

இவற்றை அறிந்தவர், கொடிக்கு ஆழக்குழி வெட்டிக் களிமண்ணில் நட்டு வாய்க்கால் நீரை நிறுத்தமாட்டார். முள்முருங்கை போன்ற மரத்தை முன்னரே வளர்த்து, அதனடியில் இலைக்குப்பையை மேடாக இட்டு, அதன்மேல் கொடித்துண்டைக் கிடத்துவார். காட்டில் கொடி உயர ஏறிப் பின் தொங்கும்பொழுதே பூக்கின்றது. ஆதலின் தோட்டத்தில் ஆள் உயரத்திற்குமேல் போகவிடாது வளைத்துத் தொங்கவிடுதல் வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இலையற்ற காட்டு வனிலா ஒன்று புதர்க்காடுகளிலும் வளர்கின்றதே என்று சிலர் கேட்கக்கூடும். அது வேறு இனம். அது வறட்சி தாங்குவதைக் கண்டு, மெக்ஸிகோக் கொடியும் தாங்குமென எண்ணுதல் தகாது. கரிசல் நிலத்திலும் காற்றடிக்கும் மேட்டு நிலத்திலும் இதற்கு வேலையே இல்லை. நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு போன்ற, ஜாதிக்காயும் மங்குஸ்தானும் செழிக்கும் ஈரச்சாரல்களே இதற்கு ஏற்றவை.

பூவின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு பூ ஒரு நாள் காலையிலே மட்டும் விரிந்து, பிற்பகலில் வாடிவிடும். மகரந்தப்பைக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய சவ்வொன்று மறிப்பதால், தானே காய் பிடிப்பதரிது. தாயகத்திலும் இயற்கையாகக் காய்ப்பது நூற்றுக்கு ஒன்றளவே. இக்காரணத்தால் பிற தேசங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கொடிகள் நெடுங்காலம் மலடாகவே நின்றன. 1836-ல் பெல்ஜிய சாஸ்திரி ஷார்ல் மாரென் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். எனினும் 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் சவ்வை உயர்த்திப் பெருவிரலால் அழுத்தும் முறையைக் கண்டபின்னரே உலகெங்கும் இப்பயிர் பரவியது. அவன் கண்ட வழியால் பலர் செல்வரானார்கள். அவனோ 1880-ல் வறுமையில் இறந்தான். இன்றும் ஒவ்வொரு பூவையும் காலைப்பொழுதிலேயே கையால் தொடவேண்டும். வீட்டில் பழகிய ஆள் இல்லாதவர், பூக்காலத்தில் கூலியாள் தேடி அலைவதைக்காட்டிலும் நடாதிருத்தல் லாபம்.

காய் முற்ற எட்டு ஒன்பது மாதமாகும். பச்சைக்காய்க்கு வாசனையில்லை, வெந்நீரில் நனைத்து, கம்பளியிற் சுற்றிப் புழுக்கி, பல வாரம் உலர்த்தி, பெட்டியிற் பதப்படுத்தினால்தான் மணம் வரும். ஆறு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ பதமான காய் தேறும். திருட்டுக்கு அஞ்சி முற்றாத காயைப் பறிப்பவர் அந்த மணத்தையும் இழப்பர்.

விலையைப்பற்றி ஒன்று கவனிக்கத்தக்கது. வனிலா வாசனையின் சாரமான வனிலின் 1874-லேயே செயற்கையாகச் செய்யப்பட்டுவிட்டது. உலகில் செலவாவதில் மிகப் பெரும்பகுதி அதுவே. இயற்கைச் சரக்கில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருவதால், அங்கே புயலடித்தால் விலை ஏறும். அடுத்த நடவுகள் காய்த்ததும் இறங்கும். ஏறிய விலையைக் கண்டு இன்று நடுபவருக்கு முதற்பூ வருவது பெரும்பாலும் மூன்றாம் வருஷத்தில். ஆகையால் மிளகையோ பாக்கையோ வெட்டிவிட்டு இதனை நடுதல் எவ்வகையிலும் ஏற்றதன்று. பாக்குத் தோட்டத்தின் நிழலில், ஊடுபயிராகச் சில நூறு கொடிகள் வைத்துப் பார்ப்பதே தக்கது. கிராம அதிகாரிகளும் அடங்கலில் இதனைத் தனிப்பயிராக எழுதுமுன், அதன் நிழல்மரமும் நீர்வடிகாலும் எவ்வாறுள்ளன என்று நேரிற் கண்டு, நட்டவருக்கு எடுத்துரைக்கலாம். கொடித்துண்டு வாங்குவோர், வேரழுகல் கண்ட தோட்டத்திலிருந்து ஒரு துண்டும் வாங்கலாகாது. அந்நோய்க் காளான் மண்ணிற் புகுந்தால் பல வருஷம் அங்கேயே தங்கிவிடும்.