வயிற்றுக்குள் பெருக்குகிறார்கள்!

மீட்டிங்கில் எல்லோரும் கப்சிப்பென்று இருக்கும்போதுதான் நம் வயிறு 'கடமுடா' என்று வாய் திறக்கும். 'பாவம், டிபன் கிடைக்கலை போல' என்று பார்ப்பார் பக்கத்து சீட்காரர். உள்ளே பெருக்குகிறார்கள் ஸார்! மேஸ்திரி பெயர் மோட்டிலின். சிறுகுடலின் மேல்பகுதியில் சுரக்கும், 22 அமினோ அமிலங்கள் கோத்த ஹார்மோன். வயிறு காலியாக இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தத்தில் ஏறி, இரைப்பையைப் பிசைந்து மிச்சம் மீதியைக் கீழே தள்ள வைக்கும். நடுவில் ஒரு பஜ்ஜி விழுந்தால் போச்சு, வேலை நிறுத்தம்!

எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் வயிற்றைப் பிசைகிறதே, ஏன்? அது மோட்டிலினின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வதால்தான்.

பெரியப்பாவுக்குப் பல வருஷச் சர்க்கரை. இரைப்பை அசந்துபோய், இரண்டு இட்லிக்கே வாந்தி. டாக்டர் அதே எரித்ரோமைசினைச் சின்ன டோஸில் எழுதினார். "ஜுரமே இல்லையே, இது எதுக்கு?" என்று பெரியப்பா ஒரே சண்டை. அடுத்த வாரம் மூணாவது இட்லிக்குச் சட்னி கேட்டார்.