உயரமான விண்ட்ஷீல்டு வாங்குறதுக்கு முன்னாடி…

ஹைவேயில் 80-ஐத் தாண்டினாலே ஹெல்மெட் தடதடன்னு ஆடுதா மக்களே? உடனே உயரமான விண்ட்ஷீல்டு ஆர்டர் போட்டுடாதீங்க.

60-லிருந்து 90 கி.மீ. வேகத்துக்குப் போனா காற்றோட விசை 2.25 மடங்கு. வேகத்தின் வர்க்கம், தெரிஞ்ச கணக்குதான். ஆனா தலையை உலுக்குறது அந்த விசை மட்டும் இல்லை. ஷீல்டோட மேல் விளிம்பில் பிரியும் காற்று, பின்னாடி அழுத்தம் குறைஞ்ச இடத்துக்குள் சுழல் சுழலா உருண்டு விழுது. கொஞ்சம் உயரத்தைக் கூட்டினா, நெஞ்சில் அடிச்ச சுழல் நேரா ஹெல்மெட்டுக்கு வந்துடும். காசு கொடுத்து தலைவலி!

கிளிப்பில் மாட்டும் சின்ன டிஃப்ளெக்டர் எனக்குப் பிடிக்கக் காரணம், அது விடுற இடைவெளி. அது வழியா போகும் காற்று பின்பக்க அழுத்தக் குறைவை ஓரளவு நிரப்பும். கோணத்தையும் நம்ம உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதே ரோடு, அதே வேகம். லேப்ல செய்றதுதானே?

ஆரல்வாய்மொழி பக்கம் அடிக்கிற குறுக்குக்காற்றுக்கு மட்டும் இது உதவாது. அங்கே ஹேண்டில்பாரில் மாட்டின பெரிய ஷீல்டு வண்டியையே திருப்பப் பார்க்கும்.