விருந்து வீட்டுக் குறட்டை

தீபாவளிக்கு உறவினர் கூடிய வீட்டிலே மாமாவின் குறட்டை நமக்கெல்லாம் நகைப்பாகிறது. ஆனால், அது சட்டென அடங்கி, மூச்சும் 10 விநாடிக்கு மேல் நின்று, பின் திணறலுடன் எழுவது தொடருமாயின், அது நகைப்புக்குரியதன்று. மருத்துவரை நாட வேண்டிய நோயின் அறிகுறி.

முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாது காக்கும் முறையை, 1981இல் அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் வெளியிட்டார். அக்கருவியைப் பிறர் காண நாணி, பண்டிகைப் பயணத்தில் விட்டுச் செல்வோர் உளர். அதன் தேவையோ அன்றிரவே மிகுதி: அருந்திய மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தும், மல்லாந்த உறக்கம் மூச்சுவழியை ஒடுக்கும்.

ஆகவே, புத்தாடையுடன் கருவியையும் எடுத்துச் செல்வோம். மதுவை விலக்கி, ஒருக்களித்துப் படுப்போம். விருந்தோம்புவோராயின், மின்னிணைப்பு உள்ள இடத்தில் மாமாவுக்குப் பாய் விரிப்போம். நம் சிரிப்பினும் அதுவே சிறந்த உபசாரம்.