கேடயமா, வேலா?

மட்டுவாவி முகத்துவாரத்தில் சென்று கலக்கும் வங்கக் கடலையும் உள்ளடக்கி, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க முயன்ற நாடு இலங்கை. மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்? சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு முன்னின்ற அத்தீர்மானம் 1971 டிசம்பர் 16 இல் ஐ. நா. பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு ஒன்றுமில்லை, நடுநிலை 55. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நடுநிலையில் ஒதுங்கின. ஒதுங்கியதன் காரணம் கடலிலேயே தெரிந்தது. டாக்காவில் பாகிஸ்தானியப் படை சரணடைந்த நாளும் அதுவே. இந்தியாவை அச்சுறுத்த, அணுசக்தியால் இயங்கும் 'எண்டர்பிறைஸ்' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு ஏவப்பட்டது. சோவியத் நீர்மூழ்கிகள் அதனைத் தொடர்ந்தன.

1974 இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தியது. 1998 இல் இந்தியா மீண்டும் வெடிக்க, பாகிஸ்தானும் வெடித்தது. அயலார் பிணக்கு அவ்வளவில் அடங்கிற்றா? சீனத்தையும் கருதி, இந்தியா தன் பதிலடி வலிமையைக் கடலடியில் வைக்கலாயிற்று. 2024 நவம்பரில் 'அரிகாட்' நீர்மூழ்கியிலிருந்து 3,500 கிலோமீற்றர் செல்லவல்ல ஏவுகணையைச் சோதித்தது. தில்லிக்கு அது கேடயம். பெய்ஜிங்கின் கண்ணுக்கு வேல்.

ஏவுகணைகளின் போக்கைக் கண்காணிக்கவல்ல சீனத்தின் 'யுவான் வாங் 5' கப்பல், இந்தியா ஆட்சேபித்தும், 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டையை அடைந்தது. இலங்கை முதலில் தயங்கிப் பின் இசைந்தது. கடன் சுமந்த வீட்டார் விருந்தாளியைத் தெரிந்தெடுப்பது அரிது! 1971 இல் உலகத்துக்கே விதி கூற எழுந்த நாடு, 2024 ஆம் ஆண்டு முழுதும் அயல்நாட்டு ஆய்வுக் கப்பல் எதற்கும் தன் கடலில் ஆய்வுக்கு இடமில்லை என்று கூறி ஒதுங்கிக்கொண்டது.